‘ஹை ரிஸ்க்’ கையெழுத்து எதற்கு? அவசர வயிற்று அறுவையும் ஆபத்துக் கணிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் மயக்க மருத்துவராக வேலை பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அறுவை அரங்கு வாசலில் உறவினர்கள் கேட்கிற கேள்விகளும், தாலுகா ஆஸ்பத்திரிகளில் இருக்கும் இளம் டாக்டர்கள் போனில் கேட்கிற கேள்விகளும் இதில் கலந்தே கிடக்கின்றன. பிரித்து எழுதலாமா என்று யோசித்துவிட்டு வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஒரு தரப்பு கேட்பதை இன்னொரு தரப்பு படித்தால் நல்லதுதான்.

அவசர வயிற்று அறுவை என்று எதைச் சொல்கிறீர்கள்?

வயிற்றைத் திறந்து, உள்ளே குடலையோ இரைப்பையையோ பார்த்துச் சரிசெய்ய வேண்டிய, நாளைக்குத் தள்ளிவைக்க முடியாத அறுவை. இரைப்பைப் புண் ஓட்டை விழுவது, ஹெர்னியாவுக்குள் குடல் மாட்டிக்கொள்வது, குடல் முறுக்கிக்கொள்வது, பழைய அறுவைத் தழும்பால் குடல் அடைத்துக்கொள்வது, குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவுவது, டைபாய்டிலோ காசநோயிலோ குடல் ஓட்டையாவது, புற்றுக்கட்டி பெருங்குடலை அடைப்பது, குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக் குடல் கறுத்துப்போவது, விபத்தில் உள்ளே ரத்தம் கசிவது. வெடிக்காத குடல்வாலைச் சின்னத் துளை போட்டு எடுப்பதை இதில் சேர்க்கவில்லை. அதில் ஆபத்து மிகக் குறைவு.

‘ஹை ரிஸ்க்’ என்று எழுதிக் கையெழுத்து கேட்டால், ஆள் பிழைக்க மாட்டார் என்று அர்த்தமா?

இல்லை. ஆனால் அந்த வார்த்தை நம் ஊரில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ‘நாளைக்கு ஏதாவது ஆனால் எங்களைக் கேட்காதீர்கள்’ என்று ஆஸ்பத்திரி முன்கூட்டியே கை கழுவுவதாகத்தான் ஜனங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் அது அப்படித்தான் பயன்படுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தாளை நீட்டி, ‘இங்கே போடுங்க, இங்கே போடுங்க’ என்று வாங்கி, கேஸ் ஷீட்டுக்குள் செருகிவிட்டால் அந்தத் தாளால் நோயாளிக்குக் காலணா பிரயோசனம் கிடையாது.

கணிப்பு எதற்கென்றால், நான்கு முடிவுகளை எடுப்பதற்கு. அரங்கில் யார் நிற்பது: பயிற்சி டாக்டர் போதுமா, மூத்தவரை வீட்டிலிருந்து எழுப்பி வரச்சொல்வதா? எத்தனை மணி நேரத்துக்குள் கத்தி வைப்பது? முடிந்ததும் எங்கே போவது, வார்டா, ஐசியூவா? ரத்தம், வென்டிலேட்டர் எல்லாம் முதலிலேயே ஏற்பாடாக இருக்கிறதா? இந்த நான்கில் ஒன்றுகூட மாறவில்லை என்றால் கணித்தது வீண்.

அதனால் கையெழுத்து கேட்கும்போது ஒன்றைத் திருப்பிக் கேளுங்கள்: “ஹை ரிஸ்க்னு சொல்றீங்க சார், அதுக்காகக் கூடுதலா என்ன செய்யப்போறீங்க?” சண்டையாகக் கேட்க வேண்டாம், சாதாரணமாகக் கேட்டால் போதும். ஒழுங்காகக் கணித்தவரிடம் பதில் தயாராக இருக்கும்.

எவ்வளவு இருந்தால் ‘ஹை’?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 டிசம்பரிலிருந்து ‘நேலா’ என்று ஒரு தேசியத் தணிக்கை நடக்கிறது. அவசரமாகக் குடல் அறுவை செய்யப்பட்ட பெரியவர்களின் கணக்கு அதில் ஏறும். தொடங்கிய காலத்தில் நூறு பேரில் சுமார் 11 பேர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். பிறகு அது பத்துக்குக் கீழே இறங்கியது. அங்கே கணித்த இறப்பு வாய்ப்பு நூற்றுக்கு 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஹை ரிஸ்க். மூத்த அறுவை மருத்துவரும் மூத்த மயக்க மருத்துவரும் நேரில் நிற்க வேண்டும், நோயாளி தீவிர சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

நூற்றுக்கு ஐந்து என்றால் 95 பேர் வீட்டுக்குப் போகிறார்கள். ‘ஹை ரிஸ்க்’ என்ற சொல்லைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடும் மகன்களிடம் இதை நான் முதலில் சொல்வதுண்டு. அதே ‘ஹை ரிஸ்க்’குக்குள் நூற்றுக்கு 60 என்பவரும் இருக்கிறார். அவருடைய வீட்டாருக்கு வேறு பேச்சு பேச வேண்டும். ஒரே முத்திரையை இரண்டு பேருக்கும் குத்துவதில்தான் கோளாறே.

இந்த எண்ணை எப்படிப் போடுகிறீர்கள்? ஜோசியமா?

கட்டம் போடுகிறோம், ஜோசியமில்லை. நிறைய முறைகள் உண்டு, எனக்குப் பயன்படுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

மயக்க மருத்துவர்கள் எல்லோரும் போடும் ஏ.எஸ்.ஏ. தரம், நோயாளியின் உடல்நிலை எவ்வளவு மோசம் என்பதைச் சொல்ல ஒன்றிலிருந்து ஐந்து வரை போகும் (ஆறு, மூளைச்சாவு அடைந்த உறுப்புக் கொடையாளருக்கு). அவசரம் என்றால் பக்கத்தில் ‘இ’ சேர்ப்போம். அரை நிமிட வேலை. ஆனால் ஒருவர் 3 என்பதை இன்னொருவர் 4 என்பார், பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது.

‘பி-பாஸம்’ என்பது கொஞ்சம் விரிவானது. 1991இல் வந்த பாஸம் முறையை 1998இல் போர்ட்ஸ்மத் நகரத்தில் திருத்தியது. உடல்நிலை பற்றி 12 விவரம் கேட்கும்: வயது, இதயம், நுரையீரல், இசிஜி, ரத்த அழுத்தம், நாடி, ஹீமோகுளோபின், வெள்ளணு, யூரியா, சோடியம், பொட்டாசியம், நினைவு நிலை. அறுவை பற்றி 6 கேட்கும். அதில்தான் வேடிக்கை. எவ்வளவு ரத்தம் போகும், வயிற்றுக்குள் மலம் பரவியிருக்கிறதா, புற்று இருக்கிறதா என்று வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் எப்படிச் சொல்வது? ஊகித்துத்தான் போடவேண்டும். திறந்த பிறகு மறுபடி போட்டு, ஊகம் எவ்வளவு தள்ளிப்போனது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

இரைப்பை ஓட்டைக்கு ‘போயி’ மதிப்பெண் எனக்குப் பிடித்தது. மூன்றே கேள்வி: பெரிய வியாதி ஏற்கெனவே உண்டா, வரும்போதே ரத்த அழுத்தம் விழுந்திருக்கிறதா, ஓட்டை விழுந்து 24 மணி தாண்டிவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம், விரல் விட்டு எண்ணலாம்.

வயிற்றுக்குள் சீழ் பரவியவர்களுக்கு ‘மன்ஹைம்’ குறியீடு உண்டு, அதிகபட்சம் 47 புள்ளி. உறுப்பு செயலிழப்புக்கு 7, ஐம்பது வயது தாண்டியதற்கு 5, 24 மணி தாண்டியதற்கு 4, மலம் கலந்த நீருக்கு 12 என்று போகும். இதுவும் திறந்து பார்த்தபின்தான் முழுமையாகும். ஆகவே அறுவைக்குப் பிறகு ஐசியூவா வார்டா என்று முடிவெடுக்க அதை வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைக்காரன் போட்ட கணக்கு நம் ஊர் ஆளுக்குப் பொருந்துமா?

ரொம்ப நல்ல கேள்வி. இதை ஒரு வாத்தியார் கேட்டார், டாக்டர்கள் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டார்.

பாதி பொருந்தும். மேலைநாடுகளில் குடல் ஓட்டை என்றால் பெரும்பாலும் பெருங்குடல், நோயாளி வயதானவர். நம்மிடம் இரைப்பை, முன்சிறுகுடல், சிறுகுடல் ஓட்டைகள்தான் அதிகம், வயதும் குறைவு. ஆனால் வருவது தாமதம். வலி வந்து இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வருகிறவர்கள் சாதாரணம். வயது குறைவு என்று கணக்கு எண்ணை இறக்கிக் காட்டும், தாமதத்தைப் பல முறைகள் கேட்பதே இல்லை. நாற்பது வயது ஆள், மூன்று நாள் ஆகிவிட்டது, சிறுநீர் போகவில்லை. எந்திரம் ‘பரவாயில்லை’ என்று ஓர் எண் தருகிறது என்றால் எந்திரத்தை நம்பாதீர்கள்.

இதில் இரண்டு விஷயம் தனித்தனி. யாருக்கு ஆபத்து கூட, யாருக்குக் குறைவு என்று வரிசைப்படுத்துவது ஒன்று. நூற்றுக்கு இத்தனை என்று எண்ணைச் சரியாகச் சொல்வது இன்னொன்று. வெளியூர் முறைகள் வரிசையை ஓரளவு சரியாகவே சொல்லும், எண்ணில்தான் தடுமாறும். வீட்டுத் தராசு ஒரே சீராக இரண்டு கிலோ கூட்டிக் காட்டினால் தூக்கியா எறிகிறோம்? இரண்டைக் கழித்துப் படிக்கிறோம். ஆனால் இரண்டு கிலோ கூட்டுகிறது என்று தெரிய நாம் ஒருமுறையாவது சரிபார்த்திருக்க வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் அந்தச் சரிபார்ப்புதான் நடப்பதில்லை.

எங்கள் அய்யாவுக்கு 82 வயது. வயதைப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களா?

சொல்லக் கூடாது. வயதைவிட ஆள் எப்படி நடமாடினார் என்பது முக்கியம். கனடாவில் ராக்வுட் என்ற மருத்துவரின் குழு 2005இல் தளர்ச்சியை அளக்க ஓர் அளவுகோல் வெளியிட்டது. இப்போது அதில் ஒன்பது படி. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் உடல் தளர்ந்துவிட்டது என்று பொருள். கருவி ஒன்றும் வேண்டாம், பேச்சு போதும்.

கேட்க வேண்டியது, “ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எப்படி இருந்தாரு?” இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று கேட்டால் எல்லோரும் படுத்துத்தான் கிடப்பார்கள். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தானே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த 82 வயதுக்காரர் ஒருவர், வீட்டு வாசற்படி தாண்ட இன்னொருவர் கை வேண்டும் என்றிருந்த 66 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாமவரைப் பற்றித்தான் பயம் அதிகம்.

இங்கே உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாக” என்று எல்லோரும் சொல்கிறீர்கள். பாசத்தில் வருவதுதான், தப்பில்லை. ஆனால் தனியாகப் பஸ் ஏறுவாரா, குளிக்க உதவி வேண்டுமா, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்குவாரா, கடந்த ஆறு மாதத்தில் வேட்டி தளர்ந்து இளைத்தாரா என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூடவே இருக்கும் மருமகளிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும் என்பது என் அனுபவம். வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய மகனிடம் கிடைக்காது.

வலி எப்போது தொடங்கியது என்று ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்?

அது ஒன்றுதான் எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது. டென்மார்க்கில் இரைப்பை ஓட்டை நோயாளிகளைப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வு, ஆஸ்பத்திரிக்கு வந்தபின் அறுவைக்குத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 2.4 சதவீதம் குறைவதோடு தொடர்புபட்டிருப்பதாகச் சொல்கிறது. வீட்டில் கழிந்த மணிகளும் சும்மா இருக்காது.

“ரெண்டு நாளா” என்றால் எனக்குப் போதாது. சனிக்கிழமை சாயங்காலம் டீ குடித்தபின் சுரீரென்று வந்ததா, இல்லை ஒரு வாரமாக மந்தமாக இருந்து நேற்று கூடியதா? திடீரென்று கத்தி குத்தியதுபோல் வந்த வலிக்கு நிமிஷம்கூட ஞாபகம் இருக்கும். இன்னொன்று: துடித்துக்கொண்டிருந்தவருக்கு வலி தானாகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். ஓட்டை விழுந்து சில மணி நேரத்தில் வலி கொஞ்சம் தணிவதுண்டு. அப்புறம்தான் வயிறு உப்பி, மூச்சு வாங்கும்.

முதலில் குடலேற்றம் என்று நினைத்துத் தட்டினோம். வலி ஊசியும் போட்டோம். இதைச் சொன்னால் திட்டுவார்களா?

திட்டினால் திட்டட்டும், சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே அடைத்தோ அழுகியோ இருக்கும் குடலைத் தேய்த்துத் தட்டினால் நிலைமை மோசமாகும். உள்ளே என்ன நடந்திருக்கலாம் என்று நாங்கள் கணக்குப் போட அந்தத் தகவல் வேண்டும். வலி ஊசி வேறு ரகம். மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் மாதக்கணக்கில் கடையில் வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளே இரைப்பையில் ஓட்டை போடுவதில் கெட்டிக்காரர்கள். சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஓமத்தண்ணீர், சோடா, இளநீர் கொடுத்திருந்தால் எப்போது என்று சொல்லுங்கள். வயிறு நிறைந்திருந்தால் மயக்கம் கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும். ஆஸ்பத்திரியில் வலிக்கு மருந்து கேட்க மட்டும் தயங்காதீர்கள். மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை.

என்னென்ன மாத்திரை என்று தெரியவில்லை. ‘வெள்ளை மாத்திரை, பாதி மஞ்சள்’ என்றுதான் தெரியும்.

மாத்திரைப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரை வருகிறவர்களிடம் அட்டையோ நோட்டோ இருந்தால் அதுவும் வேண்டும். நான் தேடுவது சிலவற்றைத்தான். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அசிட்ரோம் போன்று ரத்தம் உறையாமல் தடுப்பவை. பீட்டா பிளாக்கர், ஏனென்றால் அதைச் சாப்பிடுகிறவருக்கு உள்ளே ரத்தம் கசிந்தாலும் நாடி ஏறாது, 80 என்று காட்டி ஏமாற்றும். அப்புறம் சர்க்கரைக்குப் புதிதாகப் பலரும் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். இவற்றில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். அந்த அமிலமே வயிற்று வலியாகவும் வாந்தியாகவும் வரும். சர்க்கரை 180தானே என்று கீட்டோன் (அந்த அமிலத்தைக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை) பார்க்காமல் விட்டால், தேவையில்லாமல் வயிற்றைத் திறந்துவிடும் அபாயம்கூட உண்டு.

ஸ்டீராய்டு பற்றி ஒரு கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆஸ்பத்திரியில், ஓட்டை அடைத்து முடித்த அம்மா ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஏறவே இல்லை. என்ன மருந்து சாப்பிடுவார் என்று நான்தான் கேட்டேன், ‘ஒண்ணுமில்லை’ என்றார்கள், எழுதிக்கொண்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு மகன் தயங்கித் தயங்கி, “மூட்டுவலிக்கு ஒரு பொடி மட்டும் சாப்பிடும் சார், அது மாத்திரை இல்லையே” என்றார். பெயர் எழுதாத பொடி, இரண்டு வருஷமாக. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று ஊகித்து, ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் அழுத்தம் ஏறியது. அன்றிலிருந்து நான் ‘மாத்திரை’ என்று கேட்பதில்லை. “வாய்க்குள்ள போடுறது, ஊசி, பொடி, லேகியம், எதுவானாலும்” என்று கேட்கிறேன்.

குடிப்பழக்கமும் அப்படித்தான். மாமனார் மாமியார் முன்னால் கேட்டால் மனைவி ‘இல்லை’ என்றுதான் சொல்வார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கைநடுக்கமும் உளறலும் வரும்போது காரணம் தெரிந்திருக்கும்.

என்ன பரிசோதனை கட்டாயம்?

விலை இல்லாதவற்றை முதலில் சொல்கிறேன். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, நினைவு, ஒரு மணி நேரச் சிறுநீர். மூச்சை யாரும் எண்ணுவதில்லை. எல்லாக் கேஸ் ஷீட்டிலும் 18, இல்லாவிட்டால் 20. அதை நம்பினால் மதுரை மாவட்டமே ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறது. ஒரு நிமிஷம் நின்று எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் மூச்சு, 100 அல்லது அதற்குக் கீழே மேல் அழுத்தம், குழப்பமான பேச்சு, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் உடம்பு முழுக்கக் கிருமி பரவும் நிலை என்று சந்தேகிக்கலாம். இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று திருப்பிப் படிக்கக் கூடாது. நாடி எண்ணிக்கை மேல் அழுத்தத்தைத் தாண்டிவிட்டதா என்பதும் ஒரே பார்வையில் தெரிவது. சிறுநீர், கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி., அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மி.லி. வரவேண்டும்.

பிறகு ஹீமோகுளோபின், யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, ரத்த வகை, இசிஜி. மேல்வயிற்று வலியோடு வரும் மாரடைப்பை இசிஜி இல்லாமல் தவறவிட்டவர்கள் உண்டு. குழந்தை பெறும் வயதுப் பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனை, யார் என்ன நினைத்தாலும். கிடைக்கும் இடத்தில் லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் ஏறுவது): 2க்குள் இருந்தால் நிம்மதி, 4ஐத் தாண்டினால் மூத்தவரைக் கூப்பிட்டுவிடுங்கள். சிடி ஸ்கேன் நல்லது, ஆனால் ரத்த அழுத்தம் தள்ளாடும் ஆளை அதற்காக இரண்டு மணி நேரம் காத்திருக்க வைக்காதீர்கள். வயதானவர்களிடமும் சர்க்கரைக்காரர்களிடமும் வயிறு பலகைபோல் இறுகாது, காய்ச்சலும் இருக்காது. வயிறு மெத்தென்று இருக்கிறதே என்று ஏமாந்தால் காலையில் வருத்தப்படுவோம்.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு நாளை காலை அறுவை செய்யலாமே?

ஒன்றிரண்டு மணி நேரம் செலவழித்துச் சலைன் ஏற்றுவது, ஆன்டிபயாடிக் போடுவது, ரைல்ஸ் டியூப் இறக்கி வயிற்றைக் காலி செய்வது எல்லாம் ஆபத்தை உண்மையில் குறைக்கும். பொட்டாசியம் 3.2ஐ 4 ஆக்குகிறேன் என்று விடியும்வரை உட்கார்ந்திருப்பது குறைக்காது. கிருமி பரவி அழுத்தமும் விழுந்தவருக்கு முடிவெடுத்த மூன்று மணி நேரத்துக்குள், அழுத்தம் தாங்கியிருப்பவருக்கு ஆறு மணி நேரத்துக்குள் என்பது இங்கிலாந்து அறுவை மருத்துவர் கல்லூரி வைத்திருக்கும் வரம்பு. ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பேச்சே இல்லை, நேராக அரங்குக்கு. சலைன் ஏற்றியபின் எண்களை மறுபடி பார்ப்பது முக்கியம். இரண்டு லிட்டருக்குப் பிறகும் நாடி 130லேயே நின்றால் அந்த ஆளின் ஆபத்து நாம் முதலில் போட்டதைவிட அதிகம்.

தாலுகா ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். மதுரைக்கு அனுப்புவதற்குள் நான் என்ன கணித்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். உசிலம்பட்டியிலிருந்து மதுரை சுமார் 40 கி.மீ., மேலூரிலிருந்து சுமார் 30. ராமேஸ்வரம் பக்கமிருந்து வருகிறவருக்கு 170 கி.மீ.க்குமேல். 108இல் கழியும் அந்த நேரம் சிகிச்சை நேரமா, வெறும் பயண நேரமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. கிளம்பும் முன் தடித்த ஊசி இரண்டு, முதல் டோஸ் ஆன்டிபயாடிக், ரைல்ஸ் டியூப், சிறுநீர்க் குழாய், வலிக்கு மருந்து. ஆன்டிபயாடிக்கை அங்கே போய்ப் போடட்டும் என்று விட்டால், வரிசை, ஓ.பி. சீட்டு, ஸ்கேன் எல்லாம் முடிந்து நான்கு மணி நேரம் தள்ளிப்போகும்.

சீட்டில் ‘மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது’ என்ற ஒற்றை வரி வேண்டவே வேண்டாம். வலி தொடங்கிய மணி, வந்தபோது இருந்த நாடி, அழுத்தம், மூச்சு, கிளம்பும்போது இருந்தவை, ஒரு மணிச் சிறுநீர், கொடுத்த மருந்தும் நேரமும், இரண்டு வாரத்துக்கு முன் நடமாட்டம். ஐந்து வரிதான். ஒரு போன் போட்டு, “ஓட்டை மாதிரி இருக்கு, 36 மணி நேரம் ஆச்சு, போயி ரெண்டு” என்று சொன்னால், இந்தப் பக்கம் அரங்கும் ஐசியூ கட்டிலும் தேட ஆரம்பித்துவிடலாம். பனகல் சாலையிலிருக்கும் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது இராஜாஜி அரசு மருத்துவமனைக்கு, சுற்றுப்பட்ட மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். அங்கே காஷுவாலிட்டி டாக்டர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஐந்து வரியின் அருமை தெரியும். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் என்றால் கோரிப்பாளையத்தைக் கடப்பதற்கே தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

“அய்யாகிட்ட சொல்லிராதீங்க, பயந்துருவாரு.” சொல்லாமல் இருப்பது சரியா?

அவர் நினைவோடு இருந்தால் வயிறு அவருடையது, முடிவும் அவருடையது. எண்ணை முகத்தில் அடித்ததுபோல் சொல்ல வேண்டியதில்லை. “பெரிய ஆபரேஷன் அய்யா. ஆபத்து இருக்கு. உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?” என்று ஆரம்பித்தால் பெரியவர்களே வழி காட்டிவிடுவார்கள். ஒருவர் என்னிடம், “எனக்குத் தெரியும் தம்பி, நீங்க அந்தப் பயலுகளைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க” என்றார்.

வீட்டாரிடம் எண் சொல்லும்போது சதவீதத்தைவிட ஆள் கணக்கு புரியும். “இதே நிலையில நூறு பேர் வந்தா இருபது பேர் தவறிப்போறாங்க, எண்பது பேர் பிழைக்கிறாங்க. உங்க அய்யா எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது.” கேரண்டி கேட்பவருக்கும் இதே பதில்தான். ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி’ என்று கைவசம் இருக்கும் வார்த்தையை மட்டும் வீசாதீர்கள். நூற்றுக்கு எட்டு என்பவருக்கும் அதையே சொல்லி, மனம் உடைந்து வீட்டுக்குக் கூட்டிப்போனவர்கள் உண்டு.

அறுவையே வேண்டாம் என்று முடிவெடுக்கலாமா?

எடுக்கலாம். மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவர், பரவிய புற்று, குடல் முழுக்கக் கறுத்துவிட்டது போன்ற நிலையில் அறுவை செய்தால் ஐசியூவில் நான்கு நாள் கூடுதலாகக் கிடைக்கலாம், அவ்வளவுதான். வலி தெரியாமல், வாந்தி இல்லாமல், பக்கத்தில் ஆட்கள் இருக்க வைத்துக்கொள்வதும் சிகிச்சைதான். ஆனால் அதை மூத்த மருத்துவர் ஒருவர் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் எண் ஒன்றை மட்டும் வைத்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

இதெல்லாம் செய்தால் உண்மையிலேயே உயிர் பிழைக்கிறார்களா?

கணிப்பதால் மட்டும் பிழைப்பதில்லை. பிரிட்டனில் 93 ஆஸ்பத்திரிகளில் ‘எபோக்’ என்று ஒரு பெரிய சோதனை நடந்தது, முடிவு 2019இல் வந்தது. அவசர வயிற்று அறுவைக்கான பராமரிப்பை மேம்படுத்தும் திட்டம் ஒன்றைப் படிப்படியாக எல்லா இடத்திலும் கொண்டுவந்தார்கள். 90 நாள் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. நிறைய பேர் இதைக் கேட்டு ‘அப்போ வீண்தானே’ என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாற்ற வேண்டியவை ஏராளம், மாற்ற வேண்டியவர்களுக்கு அதற்கென்று நேரமும் ஆளும் தரப்படவில்லை. படிவம் நிரப்புவது ஏறியிருக்கும், ராத்திரி ஐசியூ கட்டில் ஏறியிருக்காது. நம் ஊரிலும் படிவம் அடிப்பது ஒரு நாள் வேலை.

எங்கள் ஆஸ்பத்திரியில் எப்படித் தொடங்குவது? ஆள் இல்லை, மென்பொருள் இல்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அரங்கு மேஜையில் கயிறு கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் காணாமல் போய்விடும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி: வயது, வலி தொடங்கியதிலிருந்து எத்தனை மணி, தளர்ச்சிப் படி, அறுவைக்கு முன் போட்ட எண், யார் அறுவை செய்தார், பிறகு எங்கே போனார், 30ஆம் நாள் இருக்கிறாரா. கடைசிக் கட்டத்துக்கு ஒரு போன் செய்ய வேண்டும், அதுதான் கஷ்டமான வேலை. நன்றாகப் பேசத் தெரிந்த செவிலியர் ஒருவரிடம் கொடுத்தால் நடக்கும்.

உதாரணத்துக்கு, வருஷக் கடைசியில் 60 பேர் என்று வையுங்கள். நீங்கள் போட்ட எண்களையெல்லாம் கூட்டினால் 9 பேர் இறந்திருக்கலாம் என்று வருகிறது. இறந்தவர்கள் 12. அப்படியானால் உங்கள் முறை உங்கள் ஊருக்குக் குறைத்துச் சொல்கிறது, அல்லது பராமரிப்பில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, குறைந்த எண் போட்டும் இறந்தவர்களின் கேஸ் ஷீட்டை எடுத்துப் படியுங்கள். நான்கைந்து ஷீட் படித்தாலே தெரிந்துவிடும்: வந்த நேரத்துக்கும் கத்தி வைத்த நேரத்துக்கும் இடையில் பதினொரு மணி நேரம் எங்கே போனது என்று. சின்ன எண்ணிக்கை, தற்செயலும் இருக்கும், ஆகவே ஒரு வருஷத்தை வைத்து யாரையும் தூக்கிலிட வேண்டாம்.

அறுவை முடிந்ததும் ஆபத்து முடிந்ததா?

இல்லை. முடித்ததும் மறுபடி ஒருமுறை போட வேண்டும். ‘சின்ன ஓட்டை’ என்று போனது ‘இரண்டடி குடல் வெட்டினோம்’ என்று முடிந்திருக்கும். முன்னால் வார்டு என்று முடிவு செய்திருந்தாலும் இப்போது ஐசியூ கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என்ன எடுத்துவர வேண்டும்?

மாத்திரைப் பை, பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய இசிஜி இருந்தால் அதுவும். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை. எது கையில் கிடைக்காவிட்டாலும் அதற்காகக் கிளம்புவதைத் தள்ளாதீர்கள், 108ஐ முதலில் கூப்பிடுங்கள், அட்டையைத் தம்பி பின்னால் கொண்டுவரட்டும். வாய்க்கு ஒன்றும் கொடுக்காதீர்கள், காபிகூட. ஆளோடு தினமும் இருப்பவர் ஒருவர் கட்டாயம் கூட வரட்டும். வந்ததும் செல்போனில் வலி தொடங்கிய நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆறு பேர் கேட்பார்கள், ஆறு பேருக்கும் ஒரே பதில் சொல்லலாம். அப்புறம், உள்ளே கொண்டுபோகும் முன் பல்செட்டைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.